கடல் நீர்நாயின் உணவுக் கணக்கு: அந்த எண் பிழையன்று

வணக்கம். கடல் நீர்நாய் நாள்தோறும் தன் எடையில் கால் பங்கு உண்கிறது என்ற எண்ணைக் கல்லூரிக் கட்டுரையில் எழுதலாமா, அச்சுப் பிழையா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுதலாம், 20 முதல் 25 விழுக்காடு என்பதே சரியான அளவு. அதாவது 30 கிலோ எடையுள்ள விலங்குக்கு ஆறேழு கிலோ நண்டும் சிப்பியும் கடல் முள்ளெலியும் வேண்டும்.

இவ்வளவு உணவு ஏன்? குளிரைத் தாங்கத்தான். சீலுக்கும் திமிங்கலத்துக்கும் தோலடியில் தடித்த கொழுப்புப் படலம் உண்டு. அது குளிர்காப்பாகவும் பட்டினி நாளுக்கான சேமிப்பாகவும் உதவுகிறது. நீர்நாய்க்கு அது இல்லை. ஒரு சதுர சென்டிமீட்டரில் லட்சத்துக்கும் மேற்பட்ட முடிகள் அடர்ந்த மென்மயிரும், அதனுள் சிறைப்பட்ட காற்றுமே அதன் போர்வை. மல்லாந்து மிதந்தபடி மார்பில் வைத்த கல்லில் சிப்பியை மோதி உடைத்துத் தின்றதும், அது உருண்டு புரண்டு மயிரைக் கோதிக் காற்றை ஊதி ஏற்றுவது விளையாட்டன்று. அதோடு, அதே அளவுள்ள நிலவிலங்கைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் அதன் உடல் ஆற்றலை எரித்து வெப்பமாக்குகிறது.

நீர்நாய்களைப் பாதுகாப்பது பற்றிய பகுதியை உங்கள் கட்டுரையில் இங்கிருந்தே தொடங்குங்கள். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பலிலிருந்து கசிந்த எண்ணெய் மயிரை ஒட்டவைத்துக் காற்றை வெளியேற்றியதால், எண்ணெயின் நச்சோடு குளிரும் சேர்ந்தே நீர்நாய்களைக் கொன்றது. பாலூட்டும் தாய்க்கு, குட்டி பால்மறக்கும் தறுவாயில் ஆற்றல் தேவை ஏறத்தாழ இரட்டிப்பாவதால், இரை குறைந்த கடலில் முதலில் மெலிபவள் அவளே.

சீலைக் ‘கடல்நாய்’ என்று எழுதாதீர்கள். படிப்பவர் சீலையும் கடல் நீர்நாயையும் குழப்பிக்கொள்வார்.