ஐம்பது அடி பின்னால்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். ஜெர்மனிக்கு, கார்ல்ஸ்ரூஹேவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. பையனுக்கு ஆறு வயது. இந்த செப்டம்பரில்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். முதல் பெற்றோர் கூட்டத்திலேயே டீச்சர், “இலையுதிர்கால விடுமுறை முடிந்ததும் பிள்ளைகளைத் தனியாக நடந்து வர விடுங்கள், காரில் கொண்டுவந்து வாசலில் இறக்காதீர்கள்” என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு எழுநூறு மீட்டர். நடுவில் ஒரு சிக்னல், ஒரு பேக்கரி. டிராம் தண்டவாளம் குறுக்கே வரவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல்.

கணவர், “எல்லாப் பிள்ளைகளும் போகுதுல்ல, போகட்டும்” என்கிறார். தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவிடம் சொன்னது என் தப்பு. “ஆறு வயசுப் பிள்ளைய தனியா ரோட்டுல விடுறியா, நீயெல்லாம் ஒரு தாயா” என்று போனிலேயே அழுதுவிட்டார்.

இரண்டு வாரமாக நான் என்ன செய்கிறேன் தெரியுமா? அவனை வழியனுப்பிவிட்டு, ஐம்பது அடி விட்டு அவன் பின்னாலேயே போகிறேன். போன வியாழக்கிழமை அவன் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா என்னைப் பார்த்துவிட்டார். “ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டார். மாவு வாங்கப் போகிறேன் என்று பொய் சொன்னேன். காலை ஏழே முக்காலுக்கு, கையில் ஒரு பைகூட இல்லாமல்.

நான் செய்வது பைத்தியக்காரத்தனமா? ஜிபிஎஸ் வாட்ச் ஒன்று வாங்கிக் கட்டிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

ச.

*

அன்புள்ள ச.,

பைத்தியக்காரத்தனம்தான். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் உங்களுக்கு ஐந்து வருட சீனியர்.

நாங்கள் இருப்பது நியூரம்பெர்க்கில். மகள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருடம், நவம்பர் மாதம், தெருவோரம் நின்ற ஒரு வெள்ளை வேனுக்குப் பின்னால் நான் குனிந்து நின்றிருக்கிறேன். தலையில் ஊரிலிருந்து கொண்டுவந்த குரங்குக் குல்லா. அவள் சிக்னலில் நிற்கிறாள். பச்சை விழுகிறது. இடது பக்கம் பார்க்கிறாள், வலது பக்கம் பார்க்கிறாள், மறுபடி இடது பக்கம் பார்த்துவிட்டுக் கடக்கிறாள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் திரும்பி, வேனைப் பார்த்துக் கையை ஆட்டினாள். மத்தியானம் வீட்டுக்கு வந்து, “அப்பா, உன் குல்லா மேல தெரிஞ்சுது” என்றாள். அவ்வளவுதான். சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் வேலைக்குப் போகும் மெட்ரோவில் ஓட்டுநரே கிடையாது. 2008-இல் இந்த ஊரில் ஆரம்பித்த தானியங்கி ரயில். முதல் நாளே ஏறி உட்கார்ந்து பேப்பர் படித்தவன் நான். ஆளே இல்லாமல் ஓடும் ரயிலை நம்பியவனுக்கு, தான் பெற்ற பெண் இருபது அடி ரோட்டைக் கடப்பாள் என்று நம்ப முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பயத்துக்கு ஜெர்மன் சட்டத்திலேயே இடம் இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இங்குள்ள சிவில் சட்டப்படி, ஏழு வயது நிரம்பாத பிள்ளை தான் செய்த எந்தச் சேதத்துக்கும் பொறுப்பாகாது. கார், ரயில் சம்பந்தப்பட்ட விபத்து என்றால் மட்டும் அந்த வரம்பு பத்து வயது, வேண்டுமென்றே செய்திருந்தால் தவிர. 2002-இல்தான் அப்படி உயர்த்தினார்கள். வருகிற காரின் வேகத்தையும் தூரத்தையும் அந்த வயதுப் பிள்ளையால் கணிக்க முடியாது என்பதுதான் காரணம். ஆக, “இவனுக்கு ரோடு என்றால் என்னவென்று தெரியாது” என்று நீங்கள் நினைப்பதைத்தான் இந்த நாட்டு நாடாளுமன்றமும் நினைக்கிறது. நீங்கள் அதற்காக ஐம்பது அடி பின்னால் போகிறீர்கள். அவர்கள், பிள்ளை தப்பு செய்யத்தான் செய்யும், பெரியவர்கள் பார்த்து நடந்துகொள்ளட்டும் என்று சட்டத்தை எழுதி வைத்துவிட்டார்கள்.

இது ஏட்டில் மட்டும் இருப்பதாக நினைக்காதீர்கள். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு வண்டிகூட இல்லை, சிவப்பிலேயே ரோட்டைக் கடந்தேன். எதிர்ப்பக்கம் நின்ற ஒரு பாட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். “இங்கே குழந்தை நிற்கிறது, கண் தெரியவில்லையா?” என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கத்து. பக்கத்தில் தாத்தா கையைப் பிடித்தபடி நாலு வயதுப் பையன் ஒருவன் நின்றிருந்தான். அந்தப் பாட்டிக்கு அவன் உறவும் இல்லை, தெரிந்தவனும் இல்லை. எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. வெளியூர்க்காரன் என்பதால் கத்துகிறாரோ என்றுகூட நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், ‘பச்சையில் மட்டும், குழந்தைகளுக்காக’ என்று சிக்னல்களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மூர் ஆளைக் கத்துகிற அதே குரலில்தான் உள்ளூர் ஆளையும் கத்துகிறார்கள். என் மகள் தனியாக நடக்க ஆரம்பித்த பிறகு, அந்தப் பாட்டி எந்த சிக்னலில் நின்றிருந்தாலும் நல்லது என்று தோன்றியது.

இன்னும் இருக்கிறது. சாலையில் பிள்ளைகளை நிறுத்திக் கடக்க வைக்கும் மாணவர் படை இங்கே 1953-லிருந்து இருக்கிறது. 1971-லிருந்து பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் சட்டப்படி விபத்துக் காப்பீடு உண்டு. பள்ளிக்குள் மட்டுமல்ல, வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவிலுள்ள வழியிலும் அது செல்லும். நீங்கள் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீர்கள், ஒரு சென்ட்டும் கட்டியிருக்க மாட்டீர்கள். ஆனால் உங்கள் மகன் காலையில் வாசற்கதவைத் தாண்டும்போது காப்பீட்டோடுதான் தாண்டுகிறான். அப்புறம் அந்தப் புத்தகப் பை. இருநூறு யூரோவுக்கு மேல் கொடுத்து வாங்கும்போது வயிறு எரிந்திருக்கும், எனக்கும் எரிந்தது. அதற்கென்று ஒரு தரக்கட்டுப்பாடு எண்ணே இருக்கிறது. வெளியே தெரியும் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு பளீர் நிறமாக இருக்க வேண்டும், பத்தில் ஒரு பங்கு வெளிச்சம் பட்டால் மின்ன வேண்டும். டிசம்பரில் உங்கள் ஊரில் சூரியன் எட்டு மணி தாண்டித்தான் எட்டிப் பார்க்கும். இருட்டில்தான் நடக்கப்போகிறான். கடையில் எல்லாப் பைகளும் பளீரிட்டாலும், நிறம் பிடிக்காவிட்டாலும் தப்பில்லை. தரக்கட்டுப்பாட்டுச் சீட்டு இல்லாத அழகான பை வேண்டாம்.

இத்தனை ஏற்பாடு இருந்தும் ஏன் பயம் போகவில்லை? இதற்கு உங்கள் அம்மாவிடம் போக வேண்டும். அவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: ஒன்றாம் வகுப்பில் நீங்கள் எப்படிப் பள்ளிக்கூடம் போனீர்கள்?

நான் மன்னார்குடியில் படித்தவன். ஆறு வயதில் தனியாகத்தான் போனேன். அதை யாரும் வீரமாகவும் நினைக்கவில்லை, கொடுமையாகவும் நினைக்கவில்லை. வழியெல்லாம் ஆட்கள். சைக்கிள் கடைக்காரர், இட்லி விற்கும் ஆத்தா, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார். நான் யார் வீட்டுப் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் பள்ளிக்குத் திரும்பாமல் ஹரித்ரா நதிக் குளத்துப் பக்கம் திரும்பினேன். நான் வீடு போய்ச் சேருவதற்குள் சேதி போய்ச் சேர்ந்து, அம்மா வாசலில் விளக்குமாற்றோடு நின்றுகொண்டிருந்தார்.

உங்களைத் தஞ்சாவூர்த் தெருவில் விட்ட அதே அம்மாதான் இப்போது அழுகிறார். அவருக்குக் கார்ல்ஸ்ரூஹேயின் ரோடு பயமாக இல்லை. அந்தத் தெருவில் அவருக்கு ஒரு முகம்கூடத் தெரியாது. உங்களுக்கு எத்தனை முகம் தெரியும்? மூன்று வருடமாக அதே தெருவில் இருக்கிறீர்கள், அந்தப் பேக்கரியில் காலையில் நிற்கும் பெண்ணோடு ‘இரண்டு பிரெட்செல்’ என்பதைத் தாண்டி ஏதாவது பேசியிருக்கிறீர்களா? குறையாகச் சொல்லவில்லை. நான் நான்கு வருடம் பேசவில்லை. ஜெர்மன்காரர்கள் சட்டத்தையும் சிக்னலையும் நம்பிப் பிள்ளையை விடுகிறார்கள், அது அவர்கள் ரத்தத்தில் ஊறியது. நமக்கு முகம் வேண்டும். வெறும் காப்பீட்டை நம்பிப் பிள்ளையை ரோட்டில் விட நம்மால் முடியாது.

இப்போது அந்த வியாழக்கிழமை அம்மாவுக்கு வருகிறேன். “ஏதாவது பிரச்சினையா?” என்று அவர் கேட்டது கேலி இல்லை. இங்கே அந்தக் கேள்வி, உதவி வேண்டுமென்றால் சொல் என்பதற்குப் பக்கத்தில் இருக்கிற கேள்வி. ஆனால் நாமாக வாயைத் திறந்து கேட்காமல் இவர்கள் ஓரடி முன்னால் வர மாட்டார்கள். போய் உண்மையைச் சொல்லுங்கள். மாவு வாங்கப் போகவில்லை, பயந்துகொண்டு பின்னால் வந்தேன், நம் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து போகலாமா என்று கேளுங்கள். சிரிப்பார். அநேகமாகச் சரி என்பார்.

எங்கள் கதை அப்படித்தான் முடிந்தது. இரண்டு வீடு தள்ளி இருந்த பெண் காலை 7.25-க்குக் கீழே வந்து எங்கள் மணியை இரண்டு முறை அடிப்பாள். அன்றிலிருந்து குல்லாவுக்கு வேலை போயிற்று. ஒன்றே ஒன்று, 7.25 என்றால் 7.25. ஒரு நாள் ஷூ கிடைக்காமல் மூன்று நிமிடம் தாமதம். இறங்கிப் போனால் அந்தப் பெண் போய்விட்டாள். கோபமெல்லாம் இல்லை. போய்விட்டாள், அவ்வளவுதான். மறுநாள் வழக்கம்போல் மணியை இரண்டு முறை அடித்தாள்.

டீச்சர் சொன்னதைச் சட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளிக்குப் போகும் வழி பெற்றோரின் பொறுப்பு, எந்த வயதில் தனியாக விடுவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். காரில் வராதே என்று அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, காலையில் பள்ளி வாசலில் குறுக்கும் நெடுக்குமாகத் திரும்பும் கார்கள்தான் பிள்ளைகளுக்குப் பெரிய ஆபத்து. நீங்கள் அவன் கூடவே நடந்து போவதை யாரும் தடுக்க முடியாது. கிறிஸ்துமஸ் வரை போக வேண்டுமென்றால் போங்கள், ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கப் போங்கள். முதல் வாரம் சிக்னலைக் கடக்கும் வரை. அடுத்த வாரம் சிக்னலுக்கு இந்தப் பக்கம் வரை. அதற்கடுத்து தெருமுனை. அப்புறம் வீட்டுக் கீழ்க்கதவு.

கிட்டா என்கிற பாலர் பள்ளியில் நம் பிள்ளைகளுக்கு வைத்தார்களே ஒரு பழகுகாலம், அதே மாதிரி. மகளை அங்கே சேர்த்தபோது, முழங்கால் உயரமுள்ள ஒரு குட்டி நாற்காலியில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள், பத்து நிமிடம் வெளியே இருங்கள் என்றார் அந்தப் பொறுப்பாளர். நடையில், குட்டி ரப்பர் பூட்ஸ்கள் வரிசையாக நின்ற அலமாரிக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே அவள் அழுதாள். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு நிறுத்திவிட்டாள். மிச்ச ஒன்பது நிமிடமும் ஏன் நிறுத்தினாள் என்று யோசித்துக்கொண்டு நின்றவன் நான். அவளுக்கு இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. எனக்குத்தான் ஒன்றாம் வகுப்பு வரை இழுத்தது.

ஒளிந்து போவதை மட்டும் விட்டுவிடுங்கள். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு உங்கள் பையன் பார்த்துவிடுவான். ஒருவேளை ஏற்கெனவே பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறானோ என்னவோ.

வாட்ச் விஷயம். பிள்ளையைச் சுற்றி நடக்கும் பேச்சைத் தெரியாமல் ஒட்டுக்கேட்கிற மாதிரியான குழந்தை வாட்ச்சுகளை இங்கே 2017-இல் தடை செய்துவிட்டார்கள். டீச்சர் பாடம் நடத்துவதைச் சில பெற்றோர் வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்ததுதான் ஒரு காரணம். வாங்கி வைத்திருந்தவர்களிடம் அந்த வாட்ச்சை அழித்துவிடச் சொன்னார்கள். இருக்கும் இடத்தை மட்டும் காட்டுகிற வாட்ச்சுக்குத் தடை இல்லை. வாங்கலாம். ஆனால் 7.50-க்கு அந்தப் புள்ளி பேக்கரி வாசலில் இரண்டு நிமிடம் நகராமல் நின்றால் உங்களுக்கு என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு வாங்குங்கள். அவன் கண்ணாடி வழியாகக் கேக்கைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

வாட்ச்சுக்கு முன்னால் வேறொன்று செய்யுங்கள். வரும் சனிக்கிழமை, பேக்கரி திறந்திருக்கும் நேரத்தில், பையனை முன்னால் விட்டு நீங்களும் கணவரும் அந்த எழுநூறு மீட்டரை நடங்கள். வழியை அவன் காட்டட்டும். வாயால் சொல்லிக்கொண்டே போகட்டும், எங்கே நிற்பான், எங்கே பார்ப்பான், யாராவது தொந்தரவு செய்தால் எந்தக் கடைக்குள் நுழைவான் என்று. பேக்கரிப் பெண்ணிடம் அவனை அறிமுகம் செய்து வையுங்கள். போனில் தஞ்சாவூரைப் பிடித்து, வீடியோவைப் போட்டு, அவன் கையிலேயே கொடுத்துவிடுங்கள். பாட்டிக்கு அவனே தெருவைக் காட்டட்டும்.

அம்மா அந்தப் பேக்கரிப் பெண்ணைப் பார்த்து என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.