ஐரோப்பா டூரை விட்டுவிட்டு நாய்களோடு கேரவனில் போகலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் கிருஷ்ணகிரியில் இருக்கிறோம். என் கணவர் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். சம்பளம் கையில் 68,000 ரூபாய். வீட்டுச் செலவு மாதம் 45,000 ஆகிறது. மாதம் 14,000 கட்டிவந்த வீட்டுக் கடன் போன வருடம் முடிந்துவிட்டது. மகன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். இந்த வருடம் எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருடம். அதற்காக ஐரோப்பா போகலாம் என்று சேர்த்த 7 லட்சம் எஃப்டியில் இருக்கிறது, இன்னும் இரண்டு மாதத்தில் முதிர்ச்சி. டூர் பேக்கேஜ் தலைக்கு 2,45,000 சொல்கிறார்கள். ஆனால் வீட்டில் இரண்டு நாய்கள். மணி நாட்டு நாய், வயது 10, பின்னங்கால் வலி உண்டு. ராணி லாப்ரடார், வயது 3. இரண்டையும் 12 நாள் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. அதனால் கேரவன் எடுத்து நம் ஊர்ப் பக்கமே நாய்களோடு சுற்றலாம் என்று தோன்றுகிறது. பெங்களூரில் விசாரித்ததில் நாள் வாடகை 9,000 என்றார்கள். கணவர், வாடகை வீண், பழைய டிராவலர் வேன் வாங்கிப் படுக்கை, சமையல் மேடை எல்லாம் வைத்தால் 16 லட்சத்தில் சொந்தமாகிவிடும், 12 லட்சம் லோன் போடலாம் என்கிறார். நாத்தனார், நாய்க்காக யாராவது பாரிஸை விடுவார்களா என்று கேட்கிறார். நாங்கள் ஊட்டி, முதுமலை, வயநாடு, அப்புறம் கோவா வரை 10 நாளில் போய் வர நினைக்கிறோம். கணவரின் சம்பளத்தில் எல்டிஏ (விடுமுறைப் பயணப் படி) இருக்கிறது, கேரவன் பில்லை அதில் காட்டலாமா? எது சரி என்று சொல்லுங்கள்.

பதில்: முதலில் நாத்தனார் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நாய்களுக்காகப் பாரிஸை விடலாம், அதில் தப்பே இல்லை. விடுமுறைக்குச் செலவழிக்கும் பணம், நீங்கள் நிம்மதியாக இருப்பதற்கான பணம். தினமும் ராத்திரி போனில் "மணி சாப்பிட்டானா?" என்று கேட்டுக்கொண்டே ஐஃபிள் கோபுரத்தைப் பார்ப்பதற்கு 6 லட்சம் தருவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் இந்த முடிவு நல்லதாவது வண்டியை வாங்காமல் வாடகைக்கு எடுத்தால் மட்டும்தான். கணவர் சொல்லும் வழியில் போனால் ஐரோப்பாவைவிட இரண்டு மடங்குக்கு மேல் பணம் போகும்.

கணக்கைப் பார்ப்போம். ஐரோப்பாவுக்கு இரண்டு பேர் பேக்கேஜ் 4,90,000. அங்கே கைச்செலவு, மகனுக்கும் சொந்தக்காரர்களுக்கும் வாங்குவது என்று 60,000. குளிர் உடுப்பு, ஷூ, பெட்டி 25,000. இரண்டு நாய்களையும் 12 நாள் காப்பகத்தில் விட, ஒரு நாய்க்கு நாளுக்கு 800 என்று வைத்தாலும் 19,200. ஆக 5,94,000-க்கு மேல். பேக்கேஜ் வாங்கும்போது டிசிஎஸ் என்று முன்கூட்டியே ஒரு வரித் தொகையும் பிடிப்பார்கள். அது செலவு அல்ல, வருமான வரித் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அதுவரை உங்கள் பணம் முடங்கிக் கிடக்கும். ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குத் தலைக்கு 90 யூரோ. பேக்கேஜுக்குள் அது அடங்குமா என்று கேளுங்கள். விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்ப வராது. நாய்களையே ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போகலாமே என்று யாராவது சொன்னால், அதையும் இப்போதே மறந்துவிடுங்கள். இந்தியாவிலிருந்து போகும் நாய்க்கு மைக்ரோசிப் வைத்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, குறைந்தது 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை செய்து, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் 3 மாதம் காத்திருக்க வேண்டும். விமானத்தில் 10 வயது நாய் படும் பாடு தனி.

இனி வாடகைக் கேரவன். 10 நாளுக்கு 90,000. 1,400 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்தால், லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கணக்கில் டீசல் 14,500 வரும். சுங்கம் 4,000. இரவு நிறுத்தும் இடங்களுக்கு 9,000. சாப்பாடு 15,000. நாய்களுக்கு மருந்து, டாக்டர் 4,000. வண்டி சுத்தம் செய்ய 3,000. கூட்டினால் 1,39,500. இதன்மேல் கையிருப்பாக 15,000 வைத்துக்கொள்ளுங்கள். 1,55,000-க்குள் முடிகிறது.

இப்போது சொந்த வண்டி. இதில்தான் கொஞ்சம் நிதானமாக உட்கார்ந்து கணவரோடு பேச வேண்டும். 16 லட்சத்தில் 4 லட்சம் கையிலிருந்து, 12 லட்சம் லோன். 11 சதவீத வட்டியில் 5 வருடத்துக்கு மாதத் தவணை 26,100 பக்கம் வரும். உங்கள் சம்பளத்தில் வீட்டுச் செலவு போக மிச்சம் 23,000. அதாவது தவணையே மிச்சத்தைத் தாண்டுகிறது. இதுவே போதும், ஆனாலும் மேலே பாருங்கள். 5 வருடத்தில் லோனுக்கு மட்டும் 15,65,000 கட்டியிருப்பீர்கள். இன்சூரன்ஸ், டயர், சர்வீஸ் என்று வருடம் 60,000 வீதம் 3 லட்சம். கைப்பணம் 4 லட்சத்தையும் சேர்த்தால் 22,65,000. கடைசியில் 6 லட்சத்துக்கு விற்றதாக வைத்துக் கழித்தாலும் 16,65,000 நிகரச் செலவு. வேலையில் இருப்பவருக்கு வருடத்தில் 20 நாள் லீவு போட்டுச் சுற்றுவதே பெரிய விஷயம். 5 வருடத்தில் 100 நாள். ஒரு நாளுக்கு 16,650 ஆகிறது. வாடகை 9,000 வீண் என்று சொன்னவருக்கு இதைக் காட்டுங்கள். வருடத்துக்கு 37 நாளுக்குமேல் அந்த வண்டியில் ஊர் சுற்றினால்தான் வாடகையும் சொந்தமும் சமமாகும். ரிடையர் ஆன பிறகு அப்படி ஒரு வாழ்க்கை அமையலாம், அப்போது திரும்பப் பேசுவோம்.

பழைய வேனை மாற்றுவதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது. சீட்டை எடுத்துவிட்டுப் படுக்கை, தண்ணீர்த் தொட்டி, அடுப்பு வைப்பது அந்த வகையில் வரும். ஆர்டிஓ ஒப்புதல் வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். பட்டறைக்காரர் "எல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்பார். விபத்து என்று வந்தால் கிளெய்ம் நிராகரிக்கப்படுவது உங்கள் பெயரில்தான்.

வாடகைக்கு எடுக்கும்போதும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து, டிரைவரோடு வரும் வண்டிக்கு மஞ்சள் தகட்டில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைத் தகடு போட்ட சொந்த வண்டியை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வேண்டாம். வாடகைக்கு விட்டது தெரிந்தால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும். வேறு மாநிலத்துக்குப் போவதால் பர்மிட் எந்தெந்த மாநிலத்துக்கு இருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியை எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டலாம், போக்குவரத்து வண்டியானாலும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கார் மட்டுமே ஓட்டிப் பழகியவருக்கு அந்த நீளம் புதிது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

நாய்கள் விஷயத்தில் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியும் பணம். என்னிடம் வரும் ஒரு குடும்பம் கேரவன் எடுத்தபோது, "செல்லப்பிராணி அனுமதி உண்டு" என்று போனில் சொன்னார்கள். ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் கடைசி வரியில், மெத்தையில் நாய் முடி இருந்தால் மெத்தை விலை முழுவதும் முன்பணத்தில் கழிக்கப்படும் என்று இருந்தது. திரும்பி வந்து சாவியைக் கொடுத்த பிறகுதான் அதைப் படித்தார்கள். சுத்தம் செய்யும் கட்டணம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். வீட்டிலிருந்து இரண்டு பழைய ஜமுக்காளம் கொண்டுபோய் மெத்தைமேல் விரித்துவிடுங்கள். அப்புறம் ஒரு முக்கியமான கேள்வி: எஞ்சின் நின்றிருக்கும்போது உள்ளே ஏசி ஓடுமா? பல வண்டிகளில் வெளி மின் இணைப்போ ஜெனரேட்டரோ இருந்தால்தான் ஓடும். வெயிலில் மூடிய வண்டிக்குள் நாய்களை விட்டுவிட்டு ஹோட்டலில் சாப்பிடப் போவது அவற்றின் உயிருக்கே ஆபத்து. ஒருவர் மாற்றி ஒருவர்தான் இறங்க வேண்டியிருக்கும். டிராவலரின் படி உயரம். மணிக்குப் பின்னங்கால் வலி இருப்பதால் அவன் தாவி ஏற முடியாது. அகலமான ஒரு பலகையில் கோணிச்சாக்கைச் சுற்றி ஆணி அடித்து எடுத்துப்போனால் வழுக்காமல் ஏறுவான்.

உங்கள் வழித்தடத்தை நான் மாற்றச் சொல்கிறேன், இதற்கும் பணம்தான் காரணம். முதுமலை புலிகள் காப்பகம், அதற்குள் நாய்களோடு சுற்ற முடியாது. அங்கிருந்து பந்திப்பூர் வழியாகப் போகும் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை. நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். இப்படிக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் 9,000 ரூபாய். கோவா வரை இழுத்தால் 10 நாளில் பாதி ஓட்டுவதிலேயே போய்விடும், டீசலும் ஏறும். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர், ஹாசன் வழியாகக் காபித் தோட்ட ஊரான சக்லேஷ்பூர் போய் மூன்று நாள், பிறகு உடுப்பிப் பக்கம் கடலோரம் நான்கு நாள் என்று இருங்கள். உடுப்பிக்கு வடக்கே மரவந்தேயில் நெடுஞ்சாலைக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் சௌபர்ணிகா ஆறு. அதிகாலையில் கூட்டம் வருவதற்குமுன் ராணியை மணலில் ஓடவிடலாம். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். மழைக்காலத்தில், சக்லேஷ்பூரிலிருந்து கடலோரம் இறங்கும் சிராடி மலைப்பாதையில் மண்சரிவு வரும், ஏப்ரல் மே வெயில் நாய்களுக்கு ஆகாது.

10 நாளுக்குப் பதிவு செய்யும் முன் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளைக்கு எடுத்துப் பாருங்கள். கேஆர்பி அணைப் பக்கமோ தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கமோ போய் ஒரு ராத்திரி தங்கி வாருங்கள். வாடகை 18,000 போகும். ராணி வண்டியில் வாந்தி எடுப்பாளா, மணி அந்த இடத்தில் தூங்குவானா என்பது அந்த ஒரு ராத்திரியில் தெரிந்துவிடும். ஒத்துவரவில்லை என்றால் 1,55,000 தப்பியது. அப்போது சொந்தக் காரிலேயே, நாய்களை அனுமதிக்கும் ஹோம்ஸ்டேயில் தங்கிப் போகலாம். இரவுக்கு 3,500 என்றாலும் மொத்தம் 75,000-க்குள் முடியும். 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்கு வந்த ஃபாஸ்டாக் ஆண்டு பாஸ் சொந்தக் காருக்குத்தான் பொருந்தும், வாடகை வண்டிக்குக் கிடையாது. அந்தச் சுங்க மிச்சமும் சேரும்.

எல்டிஏ பற்றி நம்பிக்கை வைக்காதீர்கள். கணவர் புதிய வரி முறையில் இருந்தால் விலக்கே இல்லை. பழைய முறையில் இருந்தாலும் உள்நாட்டுப் பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான், அதுவும் ரயில் வசதியுள்ள ஊருக்குச் சாலையில் போனால் குறுகிய வழியில் ஏசி முதல் வகுப்பு ரயில் கட்டண அளவுக்குள். தங்கும் செலவு, சாப்பாடு சேராது. கேரவன் பில்லில் இரண்டும் கலந்திருப்பதால் கம்பெனி ஏற்பது சிரமம். ஐரோப்பாவுக்கோ எதுவுமே கிடைக்காது. வழியில் வெளிநாடு சேர்ந்த பயணத்துக்கும் இந்த விலக்கு இல்லை என்று 2022 நவம்பரில் ஸ்டேட் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

இனி அந்த 7 லட்சம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய விஷயம், இதைத் தவிர வேறு சேமிப்பு எதையும் நீங்கள் சொல்லவே இல்லை. ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பம். ஆறு மாதச் செலவு 2,70,000 என்றால், 3 லட்சத்தை அவசர நிதியாகத் தனியே எடுத்து வையுங்கள். பயணம் எதுவானாலும் அதைத் தொடக் கூடாது. 1,60,000 கேரவனுக்கு. இரண்டு நாள் ஒத்திகைக்கான 18,000-ஐ மாத மிச்சத்திலிருந்து கொடுத்துவிடலாம். மீதி 2,40,000-ஐ ஐரோப்பாவுக்கென்றே 3 வருட எஃப்டியில் போடுங்கள். வீட்டுக் கடன் தவணை நின்றதால் மிஞ்சும் பணத்தில் மாதம் 7,000-க்கு ஒரு ஆர்டி (தொடர் வைப்பு) தொடங்குங்கள். வட்டி 6.5 சதவீதம் என்று வைத்தால், வரிக்கு முன் இரண்டும் சேர்ந்து 3 வருடத்தில் 5,70,000 அளவுக்கு வரும். ஷேர், மியூச்சுவல் ஃபண்ட் எதுவும் இந்தப் பணத்துக்கு வேண்டாம், 3 வருடம் குறுகிய காலம்.

மணிக்கு வயது 10 என்று எழுதியிருக்கிறீர்கள். ஐரோப்பா 3 வருடம் கழித்தும் அங்கேயே இருக்கும். அவனோடு போக வேண்டிய பயணத்தை இந்த வருடமே போய்விடுங்கள். கிளம்புவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் இரண்டுக்கும் உடல்நலச் சான்றும், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். உண்ணி மருந்தும் போட்டுவிடுங்கள். காபித் தோட்டப் பக்கம் உண்ணி அதிகம், உண்ணிக் காய்ச்சல் வந்தால் வைத்தியச் செலவும் அதிகம்.

வங்கிக்கு இந்த வாரமே போய், எஃப்டியில் தானாகப் புதுப்பிக்கும் வசதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எழுதிக் கொடுத்து நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் முதிர்ச்சி அன்று 7 லட்சமும் அப்படியே மறுபடி பூட்டிக்கொள்ளும், பிரித்து எடுக்க வட்டியில் அபராதம் கட்ட வேண்டி வரும்.