டியர் 8 வில்லை நானே செய்யலாமா, வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, நான் உப்புவெளி. கம்பஸ் பெடியன்கள் நாலு பேர் சேர்ந்து போனில ஆல்பியன் ஒன்லைன் விளையாடுறம். நானே மரம் வெட்டி, பலகை அறுத்து, டியர் 8 வில் ஒண்டு, அதாவது ஆக மேல்படி வில், செய்யோணும் எண்டு ஆசை. செய்யிறது லாபமா, மார்க்கெட்டில வாங்கிறது லாபமா? வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட் விளையாடுற மச்சான் ஒருத்தன், "மேல் லெவலுக்குப் போனா கிராஃப்டிங்தான்டா எல்லாம்" எண்டுறான். உண்மையா? செய்து வித்து அந்த சில்வரை, கேம் காசை, ரூபாவாக்கலாமா?

பதில்: தம்பி, முதலில் வில்லின் கதையை முடித்துவிடுவோம். நீங்கள் போட்டுக்கொண்டு சண்டைக்குப் போவதற்கென்றால் டியர் 8 வில்லைச் செய்யவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

ஒரு சாதாரண வில்லுக்கு 32 பலகை வேண்டும். டியர் 8 பலகை ஒன்றுக்கு டியர் 8 கட்டை 5, அதோடு டியர் 7 பலகை 1. அந்த டியர் 7 பலகைக்கு மறுபடியும் டியர் 7 கட்டை 5, டியர் 6 பலகை 1. இப்படியே படி இறங்கிக்கொண்டு போகும். செய்யும்போது போட்ட பொருளில் திரும்பக் கிடைக்கும் பங்கை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒரு வில்லுக்கு டியர் 8 கட்டை 160, டியர் 7 கட்டை 160, டியர் 6 கட்டை 128, டியர் 5 கட்டை 96, டியர் 4 கட்டை 64. அதற்குக் கீழேயும் கொஞ்சம் இருக்கிறது. மேல் டியர் மரம் பெரும்பாலும் கறுப்பு வலயத்தில்தான் நிற்கும். அங்கே செத்தால் வெட்டிய மரம், ஏறிப்போன குதிரை, உடுத்த உடுப்பு எல்லாம் அடுத்தவன் பையில்.

"மரம் நானே வெட்டினதுதானே, எனக்கு என்ன செலவு?" என்று நீங்கள் கேட்பீர்கள். இந்த வகைக் கேம்கள் எல்லாவற்றிலும் ஆட்களைக் கவிழ்ப்பது இந்த ஒரு நினைப்புத்தான். 2003 இல் வந்த ஈவ் ஒன்லைனில் கப்பல், குண்டு, கவசம் என்று கிட்டத்தட்ட எல்லாவற்றையும் விளையாடுகிறவர்களே உற்பத்தி செய்கிறார்கள். "நான் தோண்டின கனிமம் எனக்கு இலவசம்" என்று சொல்லும் புதியவரைப் பார்த்துப் பழையவர்கள் இன்றைக்கும் சிரிப்பார்கள். திருக்கடலூரில் ஒருவர் தான் பிடித்த அறக்குளாவை விற்காமல் வீட்டில் கறி வைத்தால், அன்றைக்கு அந்த மீன் சந்தையில் போன விலையைத்தான் சட்டியில் போடுகிறார். அவர் தாராளமாகச் சாப்பிடட்டும், பிழையில்லை. காசு செலவாகவில்லை என்று மட்டும் சொல்லக்கூடாது. உங்கள் பலகைக்கும் அதே கணக்குத்தான். பலகையாகவே விற்றால் என்ன வருமோ, அதுதான் வில்லின் அடக்கவிலை.

இனி வில்லைச் செய்து விற்றால் என்ன மிஞ்சும் என்று பார்ப்போம். கணக்குக்காக ஒரு பலகை 1,000 சில்வர், வில் 27,000 சில்வர் என்று வையுங்கள். உண்மையான விலை நாளுக்கு நாள் மாறும். அன்றைக்குப் பார்த்து நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கேமில் உள்ள அரச நகரம் எதிலே செய்தாலும் போட்ட பொருளில் 15.2 வீதம் திரும்ப வரும். வில்லுக்குச் சலுகை உள்ள நகரம் லிம்ஹெர்ஸ்ட். அங்கே செய்தால் 24.8 வீதம். அப்படியென்றால் 32 பலகைக்கு உண்மையில் கரைவது ஏறக்குறைய 24,000 சில்வர். சும்மா பக்கத்து நகரத்தில் செய்திருந்தால் 27,000 கரைந்திருக்கும். அதாவது விற்கிற விலையே அங்கே கரைந்து போகிறது. நகரம் மாறினதுக்கே இவ்வளவு வித்தியாசம்.

விற்கும்போது பிரீமியம் என்ற சந்தா உள்ளவருக்கு 4 வீத வரி, இல்லாதவருக்கு 8 வீதம். இரண்டு பேருக்கும் விலை போட்டு வைப்பதற்கு 2.5 வீதம். பிரீமியத்தோடு 27,000 க்கு விற்றால் கையில் 25,245. மிச்சம் ஆயிரத்துச் சொச்சம். பட்டறை வைத்திருப்பவருக்கு அதிலிருந்து கூலி கொடுக்க வேண்டும். பிரீமியம் இல்லாவிட்டால் கையில் 24,165, மிச்சம் நூறு சில்வர். பட்டறைக் கூலியோடு அதுவும் போய்விடும்.

அப்படியென்றால் அங்கே கிராஃப்டிங்கில் உழைக்கிறவர்கள் எப்படி உழைக்கிறார்கள்? ஃபோகஸ் புள்ளியில். பிரீமியம் உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 10,000 புள்ளி சேரும். 30,000 வந்ததும் நின்றுவிடும். லிம்ஹெர்ஸ்டில் ஃபோகஸ் போட்டு வில் செய்தால் 47.9 வீதம் திரும்ப வரும். அதே வில்லுக்குக் கரைவது ஏறக்குறைய 16,700 சில்வர். 25,245 க்கு விற்றால் எட்டாயிரத்துக்கு மேல் மிச்சம். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. டெஸ்டினி போர்ட் என்ற தேர்ச்சி வரைபடத்தில் வில் செய்யும் கிளையில் தேர்ச்சி இல்லாதவருக்கு ஒரு டியர் 8 வில்லே பெருந்தொகை ஃபோகஸை விழுங்கிவிடும். தேர்ச்சி ஏற ஏறத்தான் அந்தச் செலவு குறையும். அந்தக் கிளையில் முன்னமே ஏறி நிற்கிற ஒருவரோடுதான் நீங்கள் மார்க்கெட்டில் போட்டி போடுகிறீர்கள். அவர் குறைத்து வைக்கிற விலைக்கு உங்களால் இறங்க முடியாது. அவருடைய வில்லை வாங்குவது உங்களுக்கு மலிவு. மேல்டியர் கிராஃப்டிங்கில் வருகிற லாபம் வில்லில் இருந்து வருவதில்லை, தேர்ச்சியில் இருந்தும் ஃபோகஸில் இருந்தும் வருகிறது. ஒரு வில்லுக்காக அதற்குள் இறங்குவது வீண் வேலை.

சரி, வாங்கவும் வேண்டாம் என்று ஏன் சொன்னேன்? ஆல்பியனில் ஒரு டியர் ஏறினாலும், ஒரு என்சான்ட் (மந்திரம் ஏற்றிய படி, புள்ளி 1, புள்ளி 2 என்று எழுதுவது) ஏறினாலும், ஆயுதத்தின் பலத்தைக் காட்டும் அடிப்படை ஐட்டம் பவர் அதே 100 தான் கூடும். வெறும் டியர் 8, டியர் 7 புள்ளி 1, டியர் 6 புள்ளி 2, டியர் 5 புள்ளி 3, டியர் 4 புள்ளி 4 எல்லாம் அடிப்படையில் ஒரே 1,100. டியர் கூடினால் உங்கள் தேர்ச்சிப் புள்ளிகளுக்குக் கொஞ்சம் கூடுதல் பெறுமதி கிடைக்கும், அது உண்மை. புதிய ஆளுக்கு அந்த வித்தியாசம் சண்டையில் தெரியாது. டியர் 8 ஐத் தூக்க டெஸ்டினி போர்டில் டியர் 8 வரை திறந்திருக்க வேண்டும். டியர் 5 புள்ளி 3 க்கு டியர் 5 திறந்தால் போதும். மார்க்கெட்டில் இந்த ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது மலிவோ அதை எடுங்கள். ஒரே மாதிரி இரண்டு மூன்று செட் வாங்கி பாங்கில் போட்டு வையுங்கள். இது செத்தால் போகிற கேம். நிலாவெளிப் பக்கம் சிக்னல் போய்ப்போய் வரும் நேரத்தில் டியர் 8 ஓடு கறுப்பு வலயத்துக்குள் நிற்கிறவனைப் பார்த்தால் எனக்கே வயிறு எரியும்.

இன்னொரு இடமும் இருக்கிறது. கேர்லியன் நகரத்தில் பிளாக் மார்க்கெட் என்று ஒன்று. மிருகங்களை அடித்தால் விழுகிற ஆயுதங்கள் அங்கே விளையாட்டுக்காரர்கள் விற்றவைதான். சில நாளில் சாதாரண சந்தையை விட நல்ல விலை கொடுக்கும். ஆனால் கேர்லியனைச் சுற்றி சிவப்பு வலயம். மூட்டையோடு போகிறவனுக்காக வழியில் ஆட்கள் காத்திருப்பார்கள். போவதென்றால் நாலு பேரும் சேர்ந்து போங்கள்.

இனி மச்சானின் கதை. அவர் சொன்னது பாதி சரி. வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்டில் 2022 இல் டிராகன்ஃப்ளைட் வந்ததிலிருந்து கிராஃப்டிங் ஓர்டர் முறை இருக்கிறது. மேல்தர உடுப்புக்கு ஸ்பார்க் என்ற பொருள் வேண்டும். அது விளையாடுகிறவரோடே ஒட்டியிருக்கும், விற்க முடியாது, வாரக்கணக்கில்தான் சேரும். ஆகவே ஸ்பார்க்கும் மற்றப் பொருளும் நீங்கள் கொடுக்க, தேர்ச்சி உள்ள கைவினைஞர் கமிஷன் வாங்கிக்கொண்டு செய்து தருவார். அப்படி வருகிற உடுப்பு கடினமான ரெய்டில் (பலர் கூடி அடிக்கும் பெரிய சண்டையில்) விழுவதற்கு மிக அருகில் நிற்கும். எந்த இடத்துக்கு எது என்று நீங்களே தீர்மானிக்கலாம். ரெய்டில் என்ன விழும் என்று வாய் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அங்கே மேல்தர கிராஃப்ட் கியர் கட்டாயம் பெறுமதியானது. எம்பெலிஷ்மென்ட் எனப்படும் விசேஷ குணம் உள்ளவற்றில் இரண்டு மட்டும்தான் போடலாம், அதை முதலில் திட்டமிட வேண்டும். ஆனால் உடுப்பு கிடைக்க மச்சான் கொல்லன் வேலை படிக்கத் தேவையே இல்லை. ஓர்டர் கொடுத்தால் போதும். தன் இரண்டு மூன்று உடுப்புக்காகத் தொழிலை முழுக்க ஏற்றுகிறவர், செலவழித்த தங்கத்தைத் திரும்ப எடுக்கப் படாத பாடு படுவார்.

ஃபைனல் ஃபேண்டசி 14 இல் எல்லாம் நேரம் பார்த்து நடக்கும். சாவேஜ் என்ற மிகக் கடினமான புதிய ரெய்டு திறக்கும்போது, தயாரித்த செட்தான் உள்ளே போவதற்கான முதல் உடுப்பு. வாரத்துக்கு 450 டோம்ஸ்டோன் (நல்ல உடுப்பு வாங்கும் கேம் நாணயம்) என்ற எல்லை இருப்பதால் வேறு நல்ல உடுப்பு உடனே சேராது. அந்த முதல் சில நாளில் விலை தலைக்கு மேல், பிறகு நாளுக்கு நாள் இறங்கும். முதல் நாளே ரெய்டுக்குப் போகிறவர்கள் காசு கொடுப்பார்கள். கிராஃப்டர் வேலைகளை முன்னமே ஏற்றி வைத்தவர்கள் அள்ளுவார்கள். உங்களைப் போல ஆறுதலாகப் போகிறவர் ஒரு வாரம் பொறுத்து வாங்கினால் போதும். ஒன்று மட்டும் கவனம்: தயாரித்த உடுப்பில் மட்டீரியா என்ற பலக்கற்கள் ஐந்து வரை ஏற்றலாம், ஆனால் இருக்கிற குழியைத் தாண்டி ஏற்றும்போது சறுக்கினால் அந்த மட்டீரியா போனதுதான். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும்.

யோசிக்காமல் செய்யச் சொல்லக்கூடியது கில்ட் வோர்ஸ் 2. 2012 இல் வைத்த லெவல் 80 என்ற உச்சம் இன்றைக்கும் அதேதான். 2012 இன் கடைசியில் வந்த அசென்டட் தரத்தின் எண்களைத் தாண்டி அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. லெஜண்டரி தரமும் எண்ணில் அதற்குச் சமம். நினைத்தபோது குணத்தை மாற்றலாம், 2021 இலிருந்து ஒரே கணக்கில் உள்ள எல்லாக் கதாபாத்திரமும் பாவிக்கலாம், அவ்வளவுதான். ஒருமுறை செய்த கவசம் அடுத்த வருடம் குப்பைக்குப் போகாது. சில பொருளை நாளுக்கு ஒன்றுதான் செய்யலாம் என்பதால் பொறுமை வேண்டும். பொறுமை உள்ளவருக்கு நல்ல இடம்.

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் நேர்மாறு. எக்ஸ்பீ எனும் அனுபவப் புள்ளிக்காக ஆட்கள் நட்டத்தோடு செய்து தள்ளுகிறார்கள். செய்த பொருள் மூலப்பொருளை விட மலிவாகக் கிடப்பதை கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற கேம் சந்தையில் சாதாரணமாகப் பார்க்கலாம். அங்கே "நானே செய்தால் மலிவு" என்கிறவருக்குக் கணக்கு தெரியாது என்றுதான் நினைப்பேன்.

ஆகவே எந்தக் கேம் என்றாலும் நான் முதலில் பார்ப்பது இரண்டு விஷயம். செய்த பொருள் எவ்வளவு காலம் கையில் நிற்கும்? அதை வேறு ஒருவர் எனக்குச் செய்து தர முடியுமா? நீண்ட காலம் நிற்கும், வேறு ஒருவர் செய்து தர முடியாது என்றால் நானே செய்வேன். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வாங்குவதையோ ஓர்டர் கொடுப்பதையோ யோசிப்பேன். ஆல்பியனில் இரண்டுமே இல்லை.

கைவேலை பிடிக்கும் என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. அதை விடச் சொல்லவில்லை. செய்ய வேண்டியது வேறு. நாலு பேரில் ஒருவர் மட்டும் பிரீமியம் எடுத்து, ஒரே ஒரு வேலையில் தேர்ச்சியை ஏற்றட்டும். பாங்க் காட் இல்லையே என்று யோசிக்காதீர்கள், விளையாடிச் சேர்த்த சில்வருக்கு கேமுக்குள்ளேயே கோல்ட் வாங்கி பிரீமியம் எடுக்கலாம். என் யோசனை பலகை அறுப்பது. மரத்துக்குச் சலுகை உள்ள நகரம் ஃபோர்ட் ஸ்டெர்லிங். அங்கே அறுத்தால் ஃபோகஸ் இல்லாமலே 36.7 வீதம் திரும்ப வரும், ஃபோகஸோடு 53.9 வீதம். மற்ற மூன்று பேரும் டியர் 4, டியர் 5 மரம் வெட்டிக் கொடுக்கட்டும். நாளாந்தம் சாகிறவர்கள் திரும்பத் திரும்ப வாங்குவது அந்தப் படிப் பொருளைத்தான். அங்கே விற்பனை நிற்காது. ஃபோகஸ் 30,000 ஐத் தொடும் முன்னம் செலவழித்துவிடுங்கள், நிரம்பிக் கிடந்தால் அன்றைய 10,000 வீண். பலகையில் மிஞ்சுகிற சில்வரை எடுத்துப் போய் உங்களுக்குப் பிடித்த வில்லை வாங்குங்கள்.

பிங் (சேர்வர் பதில் வர எடுக்கும் நேரம்) பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன். 2023 இல் திறந்த ஆசிய சேர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது. வேறு சேர்வரில் கதாபாத்திரம் வைத்திருந்தால் அதற்கு மாறுவது திருகோணமலைக்கு நல்லது. கதாபாத்திரமும் சில்வரும் கூட வராது, புதிதாகத்தான் தொடங்க வேண்டும். அதனால் தேர்ச்சியை ஏற்றத் தொடங்கும் முன்னமே இதை முடிவு செய்யுங்கள்.

கடைசிக் கேள்வி, ரூபா. சில்வரை வெளியே காசுக்கு விற்பது கேமின் விதிக்கு முரண். பிடிபட்டால் கணக்கையே மூடுவார்கள். வாங்குகிறவர் காசு தராமல் ஓடினால் முறையிடவும் இடம் இல்லை. நாலு பேரும் மாதக்கணக்கில் வெட்டின மரத்தை அப்படித் தொலைக்காதீர்கள்.