பழைய ஜிப்ஸிக்குப் பெரிய டயர் மாட்டினால் இழுவை ஏன் குறைகிறது?

மாருதி ஜிப்ஸி கிங்கின் டயர் அளவு 205/70 ஆர்15. அதாவது 205 மி.மீ. அகலம், அதில் 70 சதவீதம் பக்கச்சுவர், 15 அங்குல ரிம். மொத்த உயரம் சுமார் 668 மி.மீ. பலர் ஆசையோடு மாட்டும் 235/75 ஆர்15 சுமார் 734 மி.மீ. ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி 10 சதவீதம் கூடுதல் தூரம் போகவேண்டும். எஞ்சின் பலமோ அதேதான். சைக்கிளின் பின்சக்கரத்தில் சிறிய பல்சக்கரத்தை மாட்டி மேடேறுவது போலத் திணறும்.

ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 66-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். எனக்கு அச்சம் தருவது இதுதான், ஏனெனில் பிரேக் அதே பழைய பிரேக். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பாருங்கள். டயர் உரசினால் மட்கார்டின் உட்புறம் கறுப்புத் தடம் விழுந்திருக்கும்.

டயர் 66 மி.மீ. உயர்ந்தால் தரை இடைவெளியும் அவ்வளவு கூடும் என்று நினைக்கிறார்கள். கூடுவது பாதிதான், 33 மி.மீ.