மேலே இடமில்லை, பையைத் தாருங்கள் என்றால்?

விமானப் பயணம்: வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பயணிகள் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவர். இப்போது களியக்காவிளையில் டிக்கெட் பதிவு நிலையம் நடத்துகிறார்.)

அண்ணாச்சி, மகள் பிரசவத்துக்காகத் திருவனந்தபுரத்திலிருந்து பெங்களூரு போனேன். கடைசியில்தான் ஏறினேன். என் சீட்டுக்கு மேலே வேறு யாரோ இரண்டு பை வைத்திருந்தார்கள். பணிப்பெண் என் பையை வாங்கி, டேக் கட்டி, கீழே சரக்கு அறைக்கு அனுப்பிவிட்டார். பிரஷர் மாத்திரை, பிள்ளைக்கு எடுத்த வளையல் எல்லாம் அதற்குள். இறங்கியபின் பெட்டிகள் வரும் பெல்ட்டில் பையைப் பார்க்கும்வரை எனக்கு உயிரே இல்லை. தலைக்கு மேலே உள்ள இடம் நமக்குச் சொந்தமில்லையா?
- வாசகி, பாறசாலை

இல்லை அம்மா. போர்டிங் பாஸில் இருக்கும் எண் சீட்டுக்கு மட்டும்தான். மேல் ரேக் பொது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி, முன்னால் ஏறியவர் வைத்ததுதான் கணக்கு.

உள்நாட்டில் ஓடும் ஏர்பஸ் 320 விமானம் ஒன்றில் 180 பேருக்கு மேல் உட்காரலாம். எகானமி டிக்கெட்டுக்குப் பொதுவாக 7 கிலோவில் ஒரு கைப்பெட்டி உண்டு. அதோடு ஒரு சின்னக் கைப்பையையோ லேப்டாப் பையையோ பெரும்பாலான கம்பெனிகள் விடுகின்றன. ஆளுக்கு ஒரு சக்கரப் பெட்டி என்று கொண்டுவந்தால் பழைய ரேக்குகள் தாங்காது. அவற்றில் பெட்டியைப் படுக்க வைத்தால்தான் கதவு மூடும். போயிங் கம்பெனியின் புதிய ரேக்கில், முன்பு நான்கு பெட்டி வைத்த இடத்தில் ஆறு வைக்கலாம். பெட்டியை விளிம்பில் நிமிர்த்தி வைக்கும்படி ஆழமாகச் செய்திருக்கிறார்கள். ஏர்பஸ்ஸும் இப்படி ஒன்று கொண்டுவந்திருக்கிறது. ஆனால் நீங்கள் ஏறும் விமானத்தில் அது இருக்கும் என்று நம்பிப் பெட்டி கட்ட முடியாது.

இந்த நெரிசல் தானாக வந்ததல்ல. அமெரிக்காவில் 2008-ல் பெரிய கம்பெனிகள் செக்-இன் பெட்டிக்கு, அதாவது கவுன்டரில் கொடுத்துச் சரக்கு அறைக்கு அனுப்பும் பெட்டிக்கு, முதல் பெட்டியிலிருந்தே காசு வாங்க ஆரம்பித்தார்கள். ஜனங்கள் எல்லாவற்றையும் கையில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நம் நாட்டிலும் செக்-இன் பெட்டி இல்லாத டிக்கெட்டைக் குறைந்த விலைக்கு விற்க 2021-ல் அனுமதி கிடைத்தது. சீட்டை எண்ணி டிக்கெட் விற்கிறவர்கள் ரேக்கையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா? வயதான ஒரு அம்மா வாசலில் நின்று பதறுவதற்கு அந்தப் பணிப்பெண் காரணமில்லை. கதவை நேரத்துக்கு மூடாவிட்டால் கேள்வி அவளுக்குத்தான் வரும். கணக்கு கம்பெனியின் மேலிடத்தில் தப்பியிருக்கிறது.

சரி, அடுத்த முறைக்கு என்ன செய்யலாம்? வீட்டில் பை கட்டும்போதே, இந்தப் பை வாசலில் கையை விட்டுப் போகும் என்று முடிவு செய்துகொண்டு கட்டுங்கள். மாத்திரை, மருந்துச் சீட்டு, நகை, பணம், அடையாள அட்டை, போன், சார்ஜர், கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு, பெரிய பைக்குள் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். வாசலில் கேட்டால் அந்தத் துணிப்பையை மட்டும் உருவிக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடலாம். துணிப்பை முன்சீட்டுக்கு அடியில் போய்விடும். இன்சுலின் போடுகிறவர்கள் இதைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். சரக்கு அறையின் குளிரில் உறைந்துபோன இன்சுலினைப் பிறகு போடக் கூடாது.

‘மருந்து எடுக்கணும், ஒரு நிமிஷம்’ என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். தள்ளிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துக் கூச்சப்பட வேண்டாம். மேலே லேப்டாப் பையும் ஜாக்கெட்டும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால், அதைச் சீட்டுக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள் என்று பணிப்பெண்ணிடமே கேளுங்கள். நீங்களாக அடுத்தவர் பையைத் தொடாதீர்கள்.

வீட்டுத் தராசில் சரியாக 7 கிலோ காட்டியது. கவுன்டரில் எடை சரி, ஆனால் பெட்டி பெரிது என்று நிறுத்திவிட்டார்கள். அளவுக்கும் கணக்கு உண்டா?
- வாசகர், குழித்துறை

உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது இங்கே வழக்கமான கணக்கு. 55, 35, 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரமும் கைப்பிடியும் அளவில் சேரும். கடைக்காரர் ‘கேபின் சைஸ்’ என்று சொன்னாலும் டேப் வைத்து அளந்து வாங்குங்கள். இன்னொன்று, கெட்டிப் பெட்டி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். நேந்திரங்காய் சிப்ஸும் கருப்பட்டியும் நல்லமிளகும் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு கிலோகூட வராத துணிப்பைதான் லாபம். நெருக்கடியில் அதை அமுக்கியும் வைக்கலாம்.

துபாயில் வேலை. லீவு முடிந்து திரும்பும்போது கைப்பெட்டியைக் கேட்டிலேயே வாங்கிக் கீழே அனுப்பினார்கள். ‘பவர் பேங்க் இருக்கிறதா’ என்று கேட்டார்கள். அவசரத்தில் இல்லை என்றுவிட்டேன். இருந்தது. அது பெரிய குற்றமா?
- வாசகர், கொல்லங்கோடு

தம்பி, கோபப்படுகிறேன் என்று நினைக்காதே, ஆனால் இனி ஒருபோதும் அப்படிச் சொல்லாதே. பவர் பேங்க்கில் இருப்பது லித்தியம் பேட்டரி. உள்ளே ஷார்ட் ஆனால் தானே சூடாகி, தானே எரியும். பயணிகள் பகுதியில் என்றால் புகை வந்ததும் யாராவது பார்ப்பார்கள், அணைப்பார்கள். சரக்கு அறைக்குப் பறக்கும்போது ஆள் போக முடியாது. அதனால்தான் அதை செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது என்கிறார்கள். வாசலில் வாங்கும் பைக்கும் அதே சட்டம்தான்.

மேல் ரேக்கும் இப்போது பாதுகாப்பான இடமாகக் கருதப்படவில்லை. 2025 ஜனவரி 28-ல் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், புறப்படத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானத்தில் தீ பிடித்தது. தீ கிளம்பியது ஒரு மேல் ரேக்கில். எல்லோரும் உயிரோடு இறங்கிவிட்டார்கள், விமானம் எரிந்துபோனது. அந்த மார்ச் மாதத்திலிருந்து கொரிய விமானங்களில் பவர் பேங்க்கை ரேக்கில் வைக்கத் தடை. நீ போகும் துபாய் வழியில் எமிரேட்ஸும் 2025 அக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்றுதான், ரேக்கில் வைக்கக் கூடாது, பறக்கும்போது சார்ஜ் போடவும் கூடாது என்று சொல்லிவிட்டது.

பவர் பேங்க்கின் அளவு 100 வாட்-அவர் (Wh) என்ற கணக்குக்குள் இருக்க வேண்டும். கணக்கு லேசுதான். அதன் மேல் எழுதியிருக்கும் எம்ஏஎச் (mAh) எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் போதும். 20,000 எம்ஏஎச் என்றால் 74. 30,000 என்றால் 111, அதற்குக் கம்பெனியின் முன் அனுமதி வேண்டும். எழுத்து அழிந்துபோன பழைய பவர் பேங்க் என்றால் வீட்டிலேயே விட்டுவிடு. எவ்வளவு என்று காட்ட முடியாமல் செக்யூரிட்டியில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

மகன் டெல்லியில் மாலை போட்டிருக்கிறான். விமானத்தில் திருவனந்தபுரம் வந்து மலைக்குப் போகிறான். இருமுடியைக் கையில் கொண்டுவர விடுவார்களா?
- வாசகர், செங்கோட்டை

இருமுடியில் பிரச்சினை நெய்த்தேங்காய்தான். சாதாரண நாளில் தேங்காய்க்குக் கைப்பையில் அனுமதி இல்லை. சபரிமலை சீசனுக்கு மட்டும் தளர்த்துகிறார்கள். 2022-லும் 2024-லும் அப்படி அறிவித்து, ஜனவரி 20 வரை விட்டார்கள். எக்ஸ்ரே, வெடிபொருள் சோதனை, கையால் சோதனை எல்லாம் உண்டு. முடியைத் தொடுகிறார்களே என்று சாமி வருத்தப்படாமல் நின்று காட்ட வேண்டும், நேரமும் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். வருஷா வருஷம் தனியாக அறிவிக்கும் சலுகை என்பதால் டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கொப்பரை வேறு விஷயம். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. ஊரிலிருந்து திரும்பும்போது பெட்டிக்குள் கொப்பரையைச் சொருகி அனுப்பாதீர்கள்.

விமானம் நிற்பதற்கு முன்பே எழுந்து ரேக்கைத் திறக்கிறார்கள். போன மாதம் ஒரு பெட்டி சரிந்து என் தாயின் தோளில் விழுந்தது. இதைக் கேட்பார் இல்லையா?
- வாசகி, மார்த்தாண்டம்

சீட் பெல்ட் விளக்கு அணையும்வரை எழுந்திருக்கக் கூடாது. நடைபாதை ஓரத்தில் இருப்பவர் தலையில்தான் பெட்டி விழும், அதனால் அம்மாவுக்கு ஜன்னல் சீட் கேளுங்கள். 2024 ஜனவரி 2-ல் டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதையில் இன்னொரு விமானத்தோடு மோதித் தீப்பிடித்தபோது, உள்ளே இருந்த 379 பேரும் பைகளை விட்டுவிட்டு இறங்கித் தப்பினார்கள். ஒவ்வொருவரும் ரேக்கைத் திறந்திருந்தால் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்? காயம் பட்டால் இறங்குமுன் பணிப்பெண்ணிடம் சொல்லி எழுதிவைக்கச் செய்யுங்கள்.

வாசலில் வாங்கிய பை சக்கரம் உடைந்து வந்தது. கைப்பை என்பதால் பொறுப்பில்லை என்கிறார்கள்.
- வாசகர், கருங்கல்

டேக் கட்டி வாங்கிய நிமிஷத்திலிருந்து அது அவர்கள் பொறுப்பில் உள்ள பெட்டி. டேக் துண்டைத் தொலைக்காதீர்கள். பெல்ட் பக்கத்தில் உள்ள கவுன்டரில் பி.ஐ.ஆர். என்ற பெட்டிப் புகார்ப் படிவம் கேட்டு எழுதி வாங்குங்கள், உடைந்த இடத்தைப் படம் எடுங்கள். வெளிநாட்டுப் பயணத்தில் சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும், பெட்டி தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் போக வேண்டும். வீட்டுக்கு வந்து போன் செய்து பேசிக்கொள்ளலாம் என்று அந்தக் கவுன்டரைத் தாண்டிவிடாதீர்கள்.