குரல் பெட்டிக்கு அலகும் கழுத்தும் வைத்தது எப்படி

"வீட்டில் இருக்கும் குரல் உதவிக் கருவியைக் கொண்டு, வாயசைத்துத் தலையாட்டிப் பேசும் பொம்மை ஒன்றை நாமே செய்ய முடியுமா? எலெக்ட்ரானிக்ஸ் படிக்காதவர் எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். நான் படித்தது பி.காம். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு தேங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு கிளி இருக்கிறது. அதன் தலை தேங்காய்ச் சிரட்டை, அலகு கல்யாண முருங்கைக் கட்டை, குரல் எக்கோ டாட், அதாவது அமேசானின் அலெக்ஸா பேசும் சிறு பெட்டி. அம்மாயிக்காகத்தான், அதாவது அம்மாவின் அம்மாவுக்காகத்தான், அதைச் செய்தேன். முகமில்லாத பெட்டியோடு என்ன பேசுவது என்று அவர் அந்தக் கருவியின் பக்கமே போகாமல் இருந்தார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கருவியைக் கழற்றாதீர்கள். அதற்குள் நாம் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. அதிலிருந்து வெளியே வருவது இரண்டே இரண்டு: ஒலி, ஒளி. ஒலியை வைத்து அலகை அசைக்கலாம், ஒளியை வைத்துக் கழுத்தைத் திருப்பலாம். 1963இல் டிஸ்னிலாந்தில் திறந்த 'எஞ்சாண்டட் டிக்கி ரூம்' அரங்கில் பேசிய கிளிகளும் இப்படித்தான் இயங்கின. ஒலிநாடாவில் பதிந்திருந்த ஒலிக்குறிப்புகளே அவற்றை அசைத்தன. 2018இல் அலெக்ஸாவோடு சேர்ந்து வாயசைக்கும் மீன் பொம்மை ஒன்று விற்பனைக்கே வந்தது.

இனி அலகு. எக்கோ டாட்டின் முதல் நான்கு தலைமுறைகளிலும் ஹெட்போன் செருகும் துளை உண்டு, ஐந்தாம் தலைமுறையில் அதை எடுத்துவிட்டார்கள். பழையது வாங்கினால் இதைப் பார்த்து வாங்குங்கள். என்னிடம் இருப்பது மூன்றாம் தலைமுறை. துளையில் கம்பியைச் செருகியதும் பெட்டியின் சொந்த ஸ்பீக்கர் அடங்கிவிடும். நமக்கு அது வசதி. பிஏஎம்8403 என்ற சிறிய ஆம்ப்ளிஃபயர் பலகை ஒன்றை வைத்து, கிளியின் நெஞ்சுக்குள் ஸ்பீக்கரைப் பொருத்திவிடலாம். குரல் கிளியின் உடம்பிலிருந்து வந்தால்தான் காதும் கண்ணும் ஒத்துப்போகும். அலகு இங்கே அசைய, குரல் ஓரடி தள்ளி ஒலித்தால் சிறு பிள்ளைகூட நம்பாது.

அலகுக்கான ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு முன்பே பிரித்தெடுங்கள். அந்தப் பலகையின் ஸ்பீக்கர் முனைகள் இரண்டில் எதுவும் தரை (கிரவுண்ட்) இணைப்பு அல்ல. அதில் ஒன்றை அர்டுயினோவின், அதாவது நாம் எழுதும் நிரலை ஓட்டும் சிறு கணிப்பலகையின், தரை முனையோடு சேர்த்தால் ஆம்ப்ளிஃபயர் பலகை போய்விடும். செருகு கம்பியிலிருந்து வரும் ஒலியை 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக, இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களின் நடுப்புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். அந்த இரண்டின் வெளி முனைகளும் அர்டுயினோவின் 5 வோல்ட்டிலும் தரையிலும் இருக்கட்டும். இப்போது ஒலி இரண்டரை வோல்ட்டை மையமாக வைத்து மேலும் கீழும் ஆடும். அர்டுயினோ அதை அளந்து, ஒவ்வொரு 30 மில்லி விநாடியிலும் கண்ட மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறியதைக் கழிக்கட்டும். அந்த வித்தியாசம்தான் குரலின் உரம். அதற்கேற்ப சர்வோ, அதாவது சொன்ன பாகைக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டார், அலகைத் திறக்கும்.

எவ்வளவு திறக்க வேண்டும் என்பதில்தான் எனக்குப் பல நாட்கள் போயின. எஸ்ஜி90 என்ற ஒன்பது கிராம் சர்வோ, 60 பாகை திரும்ப ஏறக்குறைய 0.1 விநாடி எடுத்துக்கொள்ளும். பேச்சில் ஒரு விநாடிக்கு நாலைந்து அசைகள் வந்துவிடும். அலகை அகலத் திறக்கவிட்டால் அது மூடுவதற்குள் அடுத்த அசை வந்து நிற்கும், வாய் பேச்சுக்குப் பின்னால் ஓடும். 20 பாகையோடு நிறுத்தியதும் வாயும் சொல்லும் ஒன்றாகின. இன்னொன்றும் உண்டு. எங்கள் தென்னந்தோப்பில் கிளிகளை உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கிளிக்கு மேல் அலகும் அசைகிறது, மண்டையோடு சேருமிடத்தில் அதற்கு ஒரு கீல் இருக்கிறது. ஒரு சைக்கிள் ஸ்போக்கை வளைத்து மேல் அலகையும் அதே சர்வோவில் மாட்டினேன். கீழ் அலகு இறங்கும்போது மேலது ஒரு நெல்லளவு எழுகிறது. அதுவரை சிரட்டைக்குக் கட்டை மாட்டியதுபோல் இருந்தது அந்த அசைவில் கிளியாகிவிட்டது.

மின்சாரத்தில் நான் செய்த பிழையை நீங்கள் செய்ய வேண்டாம். சர்வோக்களுக்கும் அர்டுயினோவின் 5 வோல்ட் முனையிலிருந்தே கொடுத்தேன். அலகு, கழுத்து, இமை என மூன்று சர்வோவும் ஒரே நேரத்தில் இழுத்ததும் மின்னழுத்தம் இறங்கி, பலகை நின்று நின்று மறுபடி தொடங்கியது, கிளி வலிப்பு வந்ததுபோல் வெட்டி வெட்டி இழுத்தது. அன்று அம்மாயி அதைப் பார்க்க மாட்டாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். சர்வோக்களுக்குத் தனி 5 வோல்ட் அடாப்டர், அதன் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், தரை மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. இதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. பெட்டியைக் கிளிக்கு ஓரடி தள்ளி ஸ்பாஞ்சின் மேல் வையுங்கள். மேசை வழியாகப் போகும் சர்வோவின் கிர்ரென்ற ஓசை மைக்குக்கு இடைஞ்சல்.

இவ்வளவும் முடிந்த பிறகும் அம்மாயி அதோடு பேசவில்லை. "இது பேசுகிறது, சரி. நான் சொல்வதைக் கேட்கிறதா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது ஒற்றப்பாலம் பக்கம் ஒரு பகவதி கோயிலின் கூத்துமாடத்தில், அதாவது பாவைக்கூத்து நடக்கும் மேடையில். திரையில் தோல் பாவைகளின் நிழலை ஆட்டிக் கதை சொல்லும் தோல்பாவைக்கூத்தை நீங்கள் பார்த்ததில்லை என்றால் ஒரு முறை பாலக்காட்டுப் பக்கம் வந்து பாருங்கள். கேரளத்துக் கோயிலில், இருபத்தொரு விளக்குகளுக்கு முன்னால், புலவர்கள் கம்பன் பாட்டைத் தமிழில் சொல்கிறார்கள். மான்தோல் பாவைக்கு வாய் அசையாது. பெரும்பாலான பாவைகளுக்கு ஒரு கைதான் அசையும். ஆனாலும் எந்தப் பாவை பேசுகிறது, எது கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதில் ஒரு கணமும் குழப்பம் வராது. பேசுகிற பாவையின் கை எழுகிறது, கேட்கிற பாவை அசையாமல் எதிரே நிற்கிறது. நானோ அலகிலேயே கிடந்துவிட்டு, கேட்பதைக் காட்ட ஒன்றுமே செய்யாமல் இருந்திருக்கிறேன்.

கேட்பதை அறியப் பெட்டியே வழி வைத்திருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அதன் விளிம்பில் நீல வளையம் எரியும். அந்த வளையத்தின் மேல் ஓர் எல்டிஆர், அதாவது வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் சிறு வில்லை, கறுப்பு டேப்பால் ஒட்டினேன். வெளிச்சம் வந்ததும் கழுத்து சர்வோ தலையைச் சற்றுச் சாய்த்துத் திருப்புகிறது, அலகு மூடிவிடுகிறது, மேசைப்பந்தைப் பாதியாக வெட்டிச் செய்த இமை ஒரு முறை சிமிட்டுகிறது. பதில் வரும்வரை ஓரிரு விநாடி அப்படியே நிற்கிறது. முன்பு வெறும் மௌனமாக இருந்த அந்த இடைவெளி இப்போது கிளி யோசிப்பதாகத் தெரிகிறது. திருப்பும் வேகத்தில் கவனம் வையுங்கள். சர்வோவை ஒரே தாவலில் விடாமல், 15 மில்லி விநாடிக்கு ஒரு பாகையாக நகர்த்தினேன்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. மைக்கை அணைக்கும் பொத்தானை அழுத்தினால் வளையம் சிவப்பாக எரிந்துகொண்டே இருக்கும். எல்டிஆருக்கு நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆகவே காது மூடிய நேரம் முழுவதும் கிளி தலையைச் சாய்த்துக் கேட்பதுபோல் நின்றது. வில்லையின் மேல் நீலக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாக ஒட்டினேன். நீலம் உள்ளே போகிறது, சிவப்பு பெரும்பாலும் தடுக்கப்பட்டுவிடுகிறது.

நிரல் எண்பது வரிக்குள் அடங்கும். கருவியைத் தவிர்த்து எனக்கு ஆன செலவு ஏறக்குறைய 1,600 ரூபாய், சாமான்கள் எல்லாம் வேலந்தாவளம் தாண்டி கோயம்புத்தூரில் வாங்கியவை. நீங்கள் அலகிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு எல்டிஆர், ஒரு சர்வோ, ஒரு சிரட்டை போதும். கூப்பிட்டதும் தலை திரும்புகிறதா என்று பாருங்கள்.

அம்மாயி இப்போது காலையில் அதனிடம் நேரம் கேட்கிறார், பதில் வந்த பிறகு கூடவே பக்கத்து வீட்டுச் செய்தியையும் தமிழில் சொல்கிறார். இரவு மைக் பொத்தானை அவரே அழுத்திவிட்டு, கிளியின் மேல் ஒரு துண்டைப் போர்த்துகிறார்.