இட்டேரியில் ஓட எந்த ஷூ?

வணக்கங்க. காங்கயம் பக்கம் இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதையில்) சாலை ஷூ போட்டு ஓடுவதாகவும், கணுக்கால் பிரள்வதாகவும், பெருவிரல் நகம் கறுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். மெத்தை அதிகமுள்ள டிரெயில் ஷூ (மண், கல் பாதையில் ஓடுவதற்கான ஷூ) வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி.

வாங்கலாம். ஆனால் தடிமனை மட்டும் பார்க்காதீர்கள். நம்ம ஊர்ச் சரளையில் உயரமான, மிருதுவான அடிப்பாகம் ஒரு பக்கம் அமுங்கினால் கணுக்கால் இன்னும் எளிதாகப் பிரளும். அடிப்பாகம் அகலமாக இருக்கட்டும், குதிகாலைச் சுற்றிய பகுதி விறைப்பாக இருக்கட்டும். அதுதான் உண்மையான பிடிமானம். அப்புறம் முள். கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வெள்வேல மரத்து முள் மெத்தைக்குள் நேராக ஏறிவிடும், எனக்கு ஏறியிருக்கிறது. 'ராக் பிளேட்' (அடிப்பாகத்துக்குள் வைக்கும் மெல்லிய, விறைப்பான தகடு) வைத்த ஷூ கூர்கல்லுக்கு நல்ல காப்பு, முள்ளையும் ஓரளவு தடுக்கும்.

நகம் கறுப்பது பெரும்பாலும் இறக்கத்தில் விரல் முன்னால் முட்டுவதால்தான். ஓடி முடித்த மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, ஓடும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கயிற்றைக் கடைசித் துளை வரை கோத்துக் கட்டினால் கால் முன்னால் சறுக்காது.

ஆல்ட்ரா என்ற பிராண்டு ஷூவில் விரல்பகுதி அகலம். ஆனால் அதன் பெரும்பாலான மாடல்களில் குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரம் என்பதால் கெண்டைக்கால் பழகச் சில வாரம் ஆகும். வாங்கியதும் சென்னிமலையின் 1320 படிக்கு எடுத்துப் போய்விடாதீர்கள். முதலில் வீட்டருகே இரண்டு, மூன்று கிலோமீட்டர் போதுங்க.